இப்படிக்கு, கீழே கையொப்பமிட்டவர்கள்

மலைப்பிரதேசத்தில் மனு எழுதிப் பிழைக்கிறவனுடைய தொழில் வாதத்திறமையினால் நடப்பதன்று. எதிரே வந்து உட்காருகிறவர் தம்முடைய நிலம், தண்ணீர், கடன், காட்டுப்பன்றி, மகளுடைய ஜாதிச் சான்று ஆகிய அனைத்தையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போகும்போது, அவற்றுள் எது வில்லேஜ் ஆபீசுக்கு உரியது, எது வனத்துறைக்கு உரியது, எது எந்தக் காரியாலயத்திற்கும் உரியதாகாமல் மனிதருக்கு மனிதர் சொல்லி ஆற்றிக்கொள்ள வேண்டிய துக்கம் என்று பிரித்தறிந்து, உரியதை உரிய இடத்துக்கு எழுதுவதே அதன் சாரம். வட்டவடைப் பஞ்சாயத்தில், கோவிலூர்க் கடைத்தெருவில், நான் செய்துவருகிற வேலை இதுதான்.

மூணாறிலிருந்து மாட்டுப்பெட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாகப் பாம்பாடும்சோலைக் காட்டைக் கடந்து சுமார் 45 கிலோமீட்டர் வந்தால் எங்கள் ஊர். தட்டுத்தட்டாக வெட்டிய சரிவுகளில் உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோசும் பீன்சும் பூண்டும் விளைகின்றன. ஜனங்கள் பேசுவது தமிழ். சர்க்கார் காகிதம் மலையாளம். 1954-இல் தேவிகுளத்தில் தடையை மீறி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் நேசமணி முதலியோர் கைதானதும், சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டுமென்று அக்கட்சி கேட்ட தாலுகாக்களில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததும், தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டதும் சரித்திரம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியிலேயே சர்க்காருக்கு எழுதலாம், பதிலும் அம்மொழியிலேயே பெறலாம் என்று கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆயினும் மேசைக்கு மேசை நகர வேண்டிய காகிதம் மலையாளத்தில் இருந்தால் சீக்கிரம் நகரும் என்ற எண்ணம் ஜனங்களுடைய மனத்தில் வேரூன்றியிருப்பதால், நிலப் பட்டயத்துக்கும், பெயர்மாற்றமாகிய போக்குவரவுக்கும், அனுபோகத்தைக் காட்டும் கைவச சர்டிபிகேட்டுக்கும் தமிழில் சொல்லி மலையாளத்தில் எழுதிக்கொள்ள என்னிடம் வருகிறார்கள். எழுதி முடித்ததும் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குவது என் வழக்கம். இத்தொழிலின் தர்மம் முழுவதும் அந்த ஒரு செயலில் அடங்கியிருப்பதாகவே கருதுகிறேன்.

மனுக்கள் இரண்டு வகை. ஒருவர் தமக்காகக் கொடுப்பது ஒற்றை மனு; பலர் கூடிக் கையொப்பமிட்டுக் கொடுப்பது மகஜர். ஒற்றை மனுவின் சக்தியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். உம்மன் சாண்டி முதலமைச்சராக இருந்தபோது மாவட்டந்தோறும் ஜனங்களை நேரில் சந்தித்து மனு வாங்கிய ஜனசம்பர்க்கப் பரிபாடிக்கு 2013-இல் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்சேவை விருது கிடைத்தது. நோயாளிக்குச் சிகிச்சை உதவி, விதவைக்கு நின்றுபோன பென்ஷன் முதலிய காரியங்களில் ஒற்றைத் தாளுக்கே அங்கே கைமேல் பலன் இருந்தது. ஆனால் ஒரு சரணாலயத்தின் எல்லையோ, பூண்டின் விலையோ, கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் வகை மரம் உறிஞ்சிவிட்ட ஓடைத் தண்ணீரோ ஒருவருடைய மனுவுக்கு அசைவதில்லை. அங்கே மகஜர் வேண்டும். மகஜருக்குப் பின்னால் ஒரு கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு ஒரு பெயரும் தலைவரும் லெட்டர்பேடும் ஏற்பட்டுவிட்டால், அதுவே அரசியல் நூலார் கூறும் அழுத்தக் குழு.

ஆட்சிப் பீடத்தில் தாமே அமரும் உத்தேசமில்லாமல், அமர்ந்திருப்பவர்களைத் தம் காரியத்தின் பக்கம் திருப்புவதற்காகக் கூடும் இத்தகைய சங்கங்களும் சமிதிகளும் ஜனநாயகத்துக்கு அனுகூலமா, பிரதிகூலமா என்ற விவாதம் கோவிலூர் டீக்கடையிலும் நடப்பதுண்டு. அமெரிக்க அரசியல் சட்டம் உருவாகிக்கொண்டிருந்த 1787-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மாடிசன் இதே விஷயத்தை ஆராய்ந்து, சுதந்திரம் உள்ள இடத்தில் மனிதர் தத்தம் நலனைப் பற்றிக்கொண்டு அணி பிரிவது தவிர்க்க முடியாதது, அதைத் தடுப்பதற்காகச் சுதந்திரத்தையே பறிப்பது கூடவே கூடாது என்ற முடிவுக்கு வந்தார். நம்முடைய அரசியல் சட்டமும் 19-ஆம் ஷரத்தில் சங்கம் அமைக்கும் உரிமையைப் பிரஜைகளுக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே சங்கம் இருக்கலாமா என்று கேட்பதில் அர்த்தமில்லை. எனக்குத் தோன்றுவது இது: ஒரு குழுவின் பெயரால் எழுதப்படும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பது அதில் கைநாட்டு வைக்கிறவருக்குத் தெரிந்திருந்து, வேண்டாமென்று சொல்லவும் அவருக்கு இடமிருக்குமானால், அக்குழு எவ்வளவு கூச்சலிட்டாலும் ஜனநாயகத்துக்குப் பலமே, அந்த இடம் இல்லாதபோது, அது கேட்கிற காரியம் நல்லதாகவே இருந்தாலும், ஜனங்களுடைய பெயர் அவர்களுக்குத் தெரியாமல் செலவாகிக்கொண்டிருக்கிறது.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். ராஜஸ்தானத்தில் 1990-இல் தோன்றிய மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்ற கூலியாட்களின் அமைப்பு, பஞ்சாயத்து வேலைகளின் கூலிப் பதிவேடான மஸ்டர் ரோலையும் செலவுக் கணக்கையும் ஊர் நடுவே உரக்கப் படிக்க வேண்டும் என்று கேட்டது. 1994 முதல் அவர்கள் நடத்திய ஜனவிசாரணைகளில், இறந்துபோனவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. 1996-இல் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். அந்தக் கிளர்ச்சியின் பலனாக 2005-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தகவல் அறியும் உரிமைச் சட்டம், விவராவகாசம் என்ற பெயரோடு எங்கள் மலைக்கும் வந்து சேர்ந்தபோது, என் தொழிலின் தன்மையே மாறிற்று. அதற்கு முன்பு, கொடுத்த மனு எங்கே கிடக்கிறது என்று கேட்பதே அதிகாரியை அவமதிப்பதாகக் கருதப்பட்டது. அதற்குப் பின்பு, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு அதையே எழுத்தில் கேட்டு 30 நாளைக்குள் பதில் பெறும் உரிமை வட்டவடையில் மண்வெட்டி பிடிப்பவருக்கும் உண்டாயிற்று. பியாவர் வீதியில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் ஊரின் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். அவர்களுடைய சங்கம் தனக்காகக் கேட்டதைத் தேசத்துக்கே வாங்கிக் கொடுத்தது. இதைவிடச் சிறந்த சாட்சியம் அழுத்தக் குழுக்களுக்கு வேண்டியதில்லை.

எங்கள் ஊரிலேயே நடந்த காரியம் இவ்வளவு நேரானதன்று. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சியைக் காப்பாற்ற வேண்டுமென்று, 1989 முதல் கொடைக்கானலிலிருந்து மூணாறு வரை நடைப்பயணம் செய்த இயற்கை அன்பர்கள் பலர். அவர்களுடைய இடைவிடாத முயற்சியும் ஒரு காரணமாக, குறிஞ்சி பூத்த 2006-ஆம் ஆண்டில் கேரள சர்க்கார் கொட்டகொம்பூர் வில்லேஜில் 58-ஆம் பிளாக்கும் வட்டவடை வில்லேஜில் 62-ஆம் பிளாக்கும் அடங்கிய 32 சதுர கிலோமீட்டரைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அமைக்கும் அறிவிப்பைச் செய்தது. அது அவசியமான காரியம் என்பதில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை. கிராண்டிஸும் பிற யூகலிப்டஸும் மூடிய சரிவில் ஊற்று வற்றிப்போவதை நாங்கள் கண்ணாரக் கண்டவர்கள். புல்மேடும் சோலையும் நின்றால்தான் கீழே வயலுக்குத் தண்ணீர் என்பதை எங்கள் பாட்டிமார் எந்தப் புஸ்தகத்திலும் படித்து அறியவில்லை.

ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கும் முறையில், சர்க்காருடைய உத்தேச அறிவிப்பு முதலில் வருகிறது. அந்த எல்லைக்குள் நிலம் வைத்திருப்பவர் தம் உரிமையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற பிரகடனம் பிறகு வருகிறது. அதற்குச் சட்டம் சொல்லும் அவகாசம் இரண்டு மாதம். படித்தவருக்கும் வக்கீல் வைத்திருப்பவருக்கும் இரண்டு மாதம் தாராளமே. அப்பன் பெயரில் பட்டயமும் அண்ணன் பெயரில் நிலவரிக்கான கர ரசீதுமாக, நடுவே பாகப்பத்திரம் எழுதப்படாமலே மூன்று தலைமுறை உழுத நிலத்தை வைத்திருப்பவருக்கு அது எம்மாத்திரம்? அப்படிப்பட்டவர்கள் என்னிடம் கொண்டுவந்த காகிதங்களை வரிசைப்படுத்துவதிலேயே பல மாலைகள் கழிந்தன. "மாமா, இந்தச் சர்வே நம்பர் நம்ம மேட்டு வயலா, பள்ளத்து வயலா?" என்று என்னைக் கேட்டவருக்கு நான் பதில் சொல்லும் ஸ்தானத்தில் இல்லை, அளந்து சொல்ல வேண்டியவர்கள் மலையேறி வரவேண்டியிருந்தது.

அந்த இடைவெளியில்தான் வேறு கைகள் நுழைந்தன. 58-ஆம் பிளாக்கில் ஏழைத் தமிழர் பெயரில் இருந்த பட்டயங்கள் முக்தியார் என்னும் அதிகாரப் பத்திரம் மூலம் வெளியாருடைய கைக்குப் போன விவகாரம் பத்திரிகைகளிலும் சட்டசபையிலும் விவாதிக்கப்பட்டது. அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் மேசையிலிருந்து பார்த்ததை மட்டும் சொல்லுகிறேன். சரணாலய எல்லையை மாற்ற வேண்டுமென்று வந்த மகஜர்களில், அரை ஏக்கர் பூண்டு வயல்காரருடைய கையெழுத்தும், அவர் ஒருநாளும் கண்ணால் கண்டிராத பெருநிலக்காரருடைய காரியமும் ஒரே தாளில் இருந்தன. சிறியவருடைய கண்ணீர் மேலே. பெரியவருடைய ஏக்கர் கணக்கு அதன் மறைவில். 2017 டிசம்பரில் வருவாய் அமைச்சர் இ. சந்திரசேகரன், வனத்துறை அமைச்சர் கே. ராஜு, மின்துறை அமைச்சர் எம். எம். மணி ஆகிய மூவரும் நேரில் வந்து கேட்டபோது, இயற்கை அன்பர்கள் ஒரு புறமும் எல்லையை எதிர்ப்பவர்கள் மறுபுறமுமாகத் தத்தம் வாதத்தை வலுவாகச் சொன்னார்கள். காடும் வேண்டும், என் அரை ஏக்கரும் வேண்டும் என்கிற மனிதர் இரண்டு புறத்திலும் சேராதவர். அவருக்கென்று சங்கம் கிடையாது. எங்கள் ஊரில் அதிகம் பேர் அவரைப் போன்றவர்களே.

சரணாலய விவகாரம் நீடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே எங்கள் இடுக்கி மாவட்டம் முழுவதையும் உலுக்கிய மற்றொரு கிளர்ச்சியும் நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-இல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. அதைப் பரிசீலித்த கஸ்தூரிரங்கன் குழு 2013-இல் தன் அறிக்கையைக் கொடுத்து, கேரளத்தில் 123 வில்லேஜுகளைச் சூழல் முக்கியத்துவம் வாய்ந்தவையாகக் குறித்தது. குடியேறிய விவசாயிகளுடைய பயத்தை முன்வைத்து ஹைரேஞ்ச் சம்ரக்ஷண சமிதி கடையடைப்பும் மறியலும் நடத்திற்று. 2014 பாராளுமன்றத் தேர்தலில் அச்சமிதியின் ஆதரவோடும் இடது முன்னணியின் ஆதரவோடும் சுயேச்சையாக நின்ற ஜாய்ஸ் ஜார்ஜ் 50,000-க்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஒரு குழுவின் அழுத்தம் தேர்தல் பெட்டி வரைக்கும் போய் ஜெயித்ததற்கு இது கண்கூடான உதாரணம். ஜனங்கள் வாக்களித்தே அது நடந்தது என்பதால் அதை ஜனநாயக விரோதம் என்று நான் ஒருக்காலும் சொல்லமாட்டேன்.

என் வருத்தம் வேறு. எந்தப் பகுதியில் எந்தக் கட்டுப்பாடு என்பதைக் கிராமசபைகளோடு கலந்தே தீர்மானிக்க வேண்டும் என்பது காட்கில் குழுவின் சிபாரிசுகளுள் ஒன்று. அதாவது எங்கள் ஊர் ஜனங்களை உட்காரவைத்துக் கேட்கச் சொன்ன அறிக்கை அது. அந்நாட்களில் அவ்வறிக்கையை எதிர்த்துக் கையெழுத்துத் தாள்களோடு என்னிடம் வந்தவர்களில் ஒருவர்கூட அந்தச் சிபாரிசைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் இருந்த அறிக்கை தமிழ் மட்டுமே தெரிந்த மலைவாசிக்கு யார் மூலமாகப் போய்ச் சேரும்? "வீட்டுக்கு ஓடு மாத்தக் கூடாதாம், மாடு வளர்க்கக் கூடாதாம், அண்ணே" என்று பயந்தபடி வந்தவர்களிடம், தலைப்பே எழுதாத வெற்றுத் தாளில் முதலில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, விஷயத்தைப் பிறகு மேலே எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு கூட்டத்தார் வந்தபோது, அந்தத் தாள்களை நான் வாங்கவில்லை. எந்தக் கூட்டத்தார் என்று பெயர் சொல்லத் தேவையில்லை. எந்தக் கொடியின் கீழும் இது நடக்கக் கூடியதே. வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்து, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறைவாகப் போடும் ஓட்டைவிடக் கேவலமான இடத்தில் பிரஜையை நிறுத்துகிறது. ஓட்டுப் போடுகிறவருக்குச் சின்னமாவது தெரியும்.

முல்லைப்பெரியாறு அணைத் தகராறிலும் இதையே கண்டோம். 2011 டிசம்பரில் எல்லையின் இரு புறத்திலும் அணைக்காகவும் அணைக்கு எதிராகவும் போராட்டக் குழுக்கள் திரண்டு குமுளிச் சாலை அடைபட்டபோது, இரண்டு தரப்பும் ஜனங்களின் பெயராலேயே பேசின. இடையில் அகப்பட்டுக்கொண்ட இடுக்கித் தமிழ்க் கூலிக் குடும்பங்கள் காட்டுவழியாகத் தேனிப்பக்கம் இறங்கிப் போயின. அவர்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அணையின் நீர்மட்டம் 142 அடி வரை இருக்கலாம் என்று தீர்ப்பளித்த பிறகும் அந்தக் குடும்பங்களின் கணக்கு எந்தத் தரப்பின் காகிதத்திலும் ஏறவில்லை.

இவற்றையெல்லாம் பார்த்து மனம் சோர்ந்திருந்த வேளையில், 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்தது எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது. கண்ணன்தேவன் தேயிலைத் தோட்டங்கள், டாடா நிறுவனம் நேரடி நிர்வாகத்திலிருந்து விலகிய பின் 2005 முதல் தொழிலாளரே பெரும்பங்குதாரராக உள்ள கம்பெனியின் வசம் வந்தவை. அங்கே கொழுந்து கிள்ளும் பெண்களுக்கு அப்போது நாட்கூலி 232 ரூபாய். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது என்று கேட்டதும், பெரும்பாலும் தமிழச்சிகளான அந்தப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு நகரத்துக்குள் இறங்கிச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்பிள்ளை ஒற்றுமை, என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். மூன்று பெரிய தொழிற்சங்கங்கள் அத்தோட்டங்களில் பல்லாண்டுகளாக இருந்தும், அவற்றின் தலைவர்களைத் தங்கள் கூட்டத்துக்குள் அவர்கள் விடவில்லை. எம்.எல்.ஏ. வந்தார், அவரையும் அனுப்பிவிட்டார்கள். எதிர்க்கட்சித் தலைவர் வி. எஸ். அச்சுதானந்தன் வந்தபோது, இவர் எங்களோடு உட்காரலாம் என்று இடம் கொடுத்தார்கள். ஒன்பது நாளைக்குப் பின் 20 சதவீதம் என்ற அளவில் சமரசம் ஏற்பட்டது. தொடர்ந்து நடந்த பேச்சுகளில் நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது.

தொழிற்சங்கமும் ஓர் அழுத்தக் குழுவே என்பதை இங்கே மறக்கக் கூடாது. ஆகவே மூணாறில் நடந்தது, ஓர் அழுத்தக் குழுவின் அங்கத்தினர்களே அதன்மீது அழுத்தம் கொடுத்த நிகழ்ச்சி. தங்கள் பெயரால் பேசுகிறவர்களை நிறுத்தி, நாங்கள் சொன்னதா நீங்கள் பேசுவது என்று கேட்கும் துணிவு சந்தாதாரருக்கு வந்துவிட்டால், அந்தச் சங்கம் உயிர் பெறுகிறது. எனக்குத் தெரிந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி, பிற்பாடு தன் பென்ஷன் காரியமாக வந்திருந்தபோது, நான் எழுதியதை வாங்கிக்கொண்டு, "மொதல்ல வாசிச்சுக் காட்டுங்கண்ணே, அப்பறந்தான் கையெழுத்து" என்றாள். நான் எப்படியும் வாசித்துக் காட்டியிருப்பேன். ஆனால் அவள் கேட்டாளே, அதுதான் விசேஷம்.

போராட்டம் நடந்த அவ்வருஷம் நவம்பரில், அப்பெண்களுள் முன்னின்றவரான கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு அவ்வமைப்பு பிளவுபட்டு மெலிந்துபோனதும் உண்மையே. இதில் அதிசயமில்லை. கோயம்புத்தூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்து 1972-இல் ஆயிரக்கணக்கான கட்டைவண்டிகளை நகரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திய நாராயணசாமி நாயுடுவின் விவசாயிகள் சங்கம், சங்கமாக இருந்த காலமெல்லாம் மந்திரிகளைக் கலங்கவைத்தது. 1982-இல் கட்சியாக மாறிய பிறகு அது வேரூன்றவில்லை. சங்கத்தில் இருக்கும் விவசாயி தேர்தல் நாளன்று தன் பழைய கட்சிக்கே திரும்பிவிடுகிறான். அச்சங்கத்தார் போட்ட அஸ்திவாரத்தின் மேல் பின்னாளில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. பல வறட்டுச் சீமைகளில் கிணறுகள் ஆழம் ஆழமாகப் போனதும் அதோடு சேர்ந்த கதை. சங்கத்தில் சேராத நிலத்தடி நீருக்காக யாரும் மகஜர் கொடுப்பதில்லை.

எங்கள் பூண்டு விவசாயிகளின் நிலைமையும் இதன் மற்றொரு பக்கந்தான். காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணமும் காரமும் சேமித்துவைக்கும் குணமும் அதற்கு உண்டு. ஆயினும் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கியவர், விளைந்ததை அந்த வியாபாரியிடமே, அவர் சொல்லும் விலைக்கே போடவேண்டியிருக்கிறது. மூட்டை தேனிப்பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்குப் போய்ச் சேருமுன் விலை எங்கோ முடிவாகிவிடுகிறது. மன்சூர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் 1965-இல் எழுதிய நூலில், பெரிய லாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் சிலர் எளிதில் ஒன்று சேர்வார்கள், சிறிய நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் பலர் சேரமாட்டார்கள் என்று நிறுவினார். வியாபாரிகள் சிலருக்குச் சங்கம் வேண்டியதேயில்லை, ஒரு தொலைபேசி போதும்; வயல்காரர்கள் பலர் கூட வேண்டுமானால் ஒருநாள் வேலை கெடும், ஒருவர் முன்னின்று பகைத்துக்கொள்ள வேண்டும், அடுத்த பருவத்து முன்பணமும் கேள்விக்குறியாகும். அழுத்தக் குழுக்களால் வரும் தீமையில் பெரும்பங்கு, இருக்கிற குழுக்களின் செய்கையால் வருவதைக் காட்டிலும், ஏற்படாமற்போன குழுக்களின் மௌனத்தால் வருகிறது என்பது நான் கண்டது.

கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம், 1994, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கிராமசபை கூட வேண்டும் என்று விதித்திருக்கிறது. வட்டவடையின் பெயராலோ வட்டவடை விவசாயிகளின் பெயராலோ எந்தக் குழு மகஜர் கொடுத்தாலும், அது மலைக்குக் கீழே இறங்குவதற்குமுன் அந்த வார்டின் கிராமசபையில் தமிழில் முழுவதும் வாசிக்கப்பட வேண்டும், ஆட்சேபித்தவர்களுடைய வார்த்தையும் அதோடு இணைக்கப்பட வேண்டும் என்று நான் சில காலமாகச் சொல்லிவருகிறேன். சட்டத்தில் இதற்குக் கட்டாயம் இல்லை. செய்வதற்குத் தடையும் இல்லை. காட்டுப்பன்றி நஷ்டஈட்டையும் ஓடைக்கரைக் கிராண்டிஸ் வெட்டுவதையும் பற்றிய மகஜர் ஒன்றை இம்முறையில் வாசித்தோம். மூன்றாவது கோரிக்கையாக, ஓடைக்கு மேலுள்ள புறம்போக்கில் பாதை வெட்ட வேண்டும் என்று இருந்தது. வயதான அம்மாள் ஒருவர் எழுந்து, "பாதை யாரு தோட்டத்துக்குப் போகுது, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். சொல்ல வேண்டியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கோரிக்கையை அடித்து, மீண்டும் எழுதி, மீண்டும் வாசித்தேன். முன்னே கையெழுத்துப் போடுவதாக இருந்தவர்களில் சிலர் போடாமல் எழுந்து போனார்கள். வராதிருந்த சிலர், அந்த அம்மாளின் மருமகள் உட்பட, வந்து போட்டார்கள். தேவிகுளத்திலிருந்து வந்த பதிலில் ஒவ்வொரு வயலுக்கும் நிலவரிக் கணக்கில் உள்ள தண்டப்பேர் எண்ணையும் தனித்தனியே கேட்டிருக்கிறார்கள். கர ரசீதோடு வருகிறவர்களுக்கு அந்தப் பட்டியலை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்; ரசீது இல்லாதவர்கள் முதலில் வில்லேஜ் ஆபீசுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது.